செல்ஃப் எடுக்குதா, எடுக்கலையா?

விடிகாலை மூன்றே முக்கால். சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டு வாசல். டிக்கியில் மூன்று பெட்டி ஏற்றியாகிவிட்டது. பின்சீட்டில் சாரும் மேடமும் உட்கார்ந்தாயிற்று. ஆறு மணிக்கு விமானம். சாவியைத் திருப்புகிறீர்கள். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அதற்குமேல் ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வது, திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்புவதுதான். நாலாவது ஐந்தாவது தடவைக்குள் பேட்டரியில் ஒட்டிக்கொண்டிருந்த உயிரும் போய்விடும். அரைமணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை டோ வண்டியில் போய் முடியும். ஒரு டிராவல்ஸ் ஷெட்டுக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில் ராத்திரி நேரத்து போன்கள் எல்லாம் எனக்குத்தான் வரும். "வண்டி ஸ்டார்ட் ஆகலண்ணே" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: "செல்ஃப் எடுக்குதா, எடுக்கலையா?" பதில் உடனே வந்தால் அவர் தேறிவிடுவார் என்று அர்த்தம்.

ஆக்டிங் டிரைவர்கள், கால் டாக்ஸி ஓட்டுபவர்கள், ஐடிஐ முடித்துவிட்டு பிரேக்டவுன் வேனில் புதிதாக ஏறியிருக்கும் தம்பிகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மெக்கானிக் வேலை முழுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என்ன நோய் என்று பாதியாவது கண்டுபிடித்து, தொடக்கூடாததைத் தொடாமல், சரியான ஆளிடம் சரியான வார்த்தையில் சொல்லத் தெரிந்தால் போதும்.

முதலில் உங்களைச் சரிபாருங்கள்

சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். போனில் வந்த புகார்களில் கணிசமானவை வண்டியின் குற்றமே இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் 'டி'-யிலேயே இருக்கும். 'பி' அல்லது 'என்'-இல் இல்லாவிட்டால் செல்ஃப் எடுக்காது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கை அரைகுறையாக மிதித்திருப்பார். கியர் வண்டிகளிலும் இப்போது பலவற்றில் கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். பெடலுக்கு அடியில் மிதியடி சுருண்டு கிடந்தால் கிளட்ச் கடைசிவரை போகாது. ஒரு கல்யாண மண்டப வாசலில் மிதியடியை இழுத்துவிட்டு வண்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சாவி திரும்பவே மாட்டேன் என்றால் ஸ்டியரிங் லாக். ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே திருப்புங்கள். முறுக்கினால் சாவிதான் உடையும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டியில் 'சாவி இல்லை' என்று டேஷ்போர்டு சொன்னால், ரிமோட்டுக்குள் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் அது சிஆர் 2032 வகை, கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். அதுவரை சமாளிக்கவும் ஒரு வழி உண்டு. பல மாடல்களில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் வண்டி எடுத்துக்கொள்ளும். கதவைத் திறக்க ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். புது வண்டிக்கு ஆக்டிங் போகிறவர்கள் இந்த இரண்டையும் ஓனரிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நடுராத்திரியில் எழுப்பிக் கேட்கிற கேள்வி இல்லை இது.

செல்ஃப் எடுக்கவில்லை என்றால்

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சாவியைப் போட்டும் டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் பேட்டரி அடியோடு காலி, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது. 'டிக்டிக்டிக்' என்று தையல் மிஷின் போல வேகமாக அடித்தால் பேட்டரியில் கொஞ்சம் கரண்ட் உண்டு, இன்ஜினைச் சுற்றத்தான் போதவில்லை. 'ஊங்... ஊங்...' என்று இழுத்து இழுத்துச் சுற்றினாலும் அதே கதைதான். 'டக்' என்று ஒரே அடி அடித்து நின்றால் டெர்மினலையும் செல்ஃப் மோட்டாரையும் சந்தேகப்படுங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. ஹெட்லைட்டைப் போட்டு, எதிர்ச் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு முறை ஸ்டார்ட் செய்யுங்கள். வெளிச்சம் மங்கிப் போனால் பேட்டரி இறங்கிவிட்டது. பொசுக்கென்று அணைந்தே போனால் டெர்மினல் பிடிப்பில் கோளாறு. வெளிச்சம் அசையாமல் பளிச்சென்று நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது, தகராறு செல்ஃப் மோட்டார், ரிலே, சுவிட்ச் பக்கம். சில புது வண்டிகளில் ஸ்டார்ட் செய்யும்போது ஹெட்லைட் தானாகவே அணைந்து எழும். அவற்றில் கூரை விளக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

பானட்டைத் திறந்ததும் கண் போக வேண்டிய இடம் டெர்மினல். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூ பூத்திருக்கிறதா? கையால் முறுக்கினால் அசைகிறதா? அசைந்தால் அதுதான் காரணம் என்று ஏறக்குறைய முடிவே கட்டிவிடலாம். பெரும்பாலான கார்களுக்கு 10 எம்எம் ஸ்பானர் போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இதை மாற்றிச் செய்து ஸ்பானர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். பூத்திருப்பதை ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டிப் பாருங்கள். கழுவிய கையால் கண்ணைத் துடைக்காதீர்கள், பேட்டரியில் இருப்பது ஆசிட்.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். டிரைவர் தொழிலில் இதைவிடச் சீக்கிரம் போட்ட பணத்தை எடுத்துத் தரும் சாமான் வேறில்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்குதான் சார்ஜ் இருக்கிறது. 12-க்குக் கீழே போய்விட்டால் காலையில் வண்டி எடுக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது அதே மீட்டர் 13.8-இலிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் புது பேட்டரி வாங்கிப் பயனில்லை, ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்று அர்த்தம். ஓடும் வண்டியில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் அது சொல்வதும் இதைத்தான். ஏசியையும் பாட்டையும் அணைத்துவிட்டு, இன்ஜினை நிறுத்தாமல் பக்கத்து ஷெட்டுக்கு ஓட்டிப் போய்விடுங்கள். ஆனால் அந்த விளக்கோடு இன்ஜின் சூடும் ஏறினால் ஓட்டவே கூடாது. பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுவது ஒரே பெல்ட், அது அறுந்திருக்கும்.

ஜம்ப் ஸ்டார்ட்

யாரோ ஒருவர் கேபிளோடு உதவிக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் என்ன வண்டியில் வந்திருக்கிறார் என்று பாருங்கள். லாரி, பெரிய பஸ் எல்லாம் 24 வோல்ட். நம் கார் 12. நெடுஞ்சாலையில் நல்ல மனசோடு நிறுத்துகிற லாரிக்கார அண்ணனிடம் டீ வேண்டுமானால் வாங்கிக் குடிக்கலாம், கரண்ட் வாங்கக் கூடாது. வண்டியின் மூளையான ஈசியூவே போய்விடும்.

வந்தது கார்தான் என்றால், இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். இரண்டிலும் சாவி ஆஃப். சிவப்பு கேபிளின் ஒரு முனை படுத்த வண்டியின் பாசிட்டிவில், மறு முனை வந்த வண்டியின் பாசிட்டிவில். கறுப்பின் ஒரு முனை வந்த வண்டியின் நெகட்டிவில். மிச்சமிருக்கும் கடைசி முனையைப் படுத்த பேட்டரியில் மாட்டாதீர்கள். பேட்டரிக்குத் தள்ளி, பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி வரும், பேட்டரியிலிருந்து வரும் வாயு ஹைட்ரஜன், தீப்பிடிக்கும். பீடி சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது என்பதும் அதனால்தான். வந்த வண்டியை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்கள் வண்டியை எடுங்கள். எடுத்ததும் மாட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். உப்பியிருக்கும், வெடிப்பு விட்டிருக்கும், ஆசிட் கசியும் பேட்டரிக்கு இந்த வைத்தியமே வேண்டாம்.

ஜம்ப் கொடுத்து ஓடும் வண்டியை அடுத்த டீக்கடையில் அணைத்துவிட்டு, "மறுபடி எடுக்கலண்ணே" என்று போன் செய்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிட ஓட்டத்தில் காலி பேட்டரி நிறையாது. சவாரியை முடித்துவிட்டு நேராக பேட்டரி கடைக்குப் போவதுதான் முறை.

பேட்டரி நன்றாக இருந்தும் 'டக்' மட்டும்தான் வருகிறதென்றால் ஒரு பழைய வித்தை உண்டு. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் ஸ்பானரால் லேசாகத் தட்டுவது. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் பல நேரம் எடுத்துவிடும். இது ஒருவழி டிக்கெட், நேரே ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம்தான் போக வேண்டும். சென்னைக்காரர்களுக்கு அதில் பெரிய கஷ்டமில்லை. செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் ஆலை 1960-களிலிருந்து பாடியில் இயங்கிவருகிறது. பிரஷ் மாற்றத் தெரிந்த கைகள் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் இன்னும் இருக்கின்றன.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கியர் வண்டியாக இருந்து, பேட்டரியில் டேஷ்போர்டு விளக்கு எரியும் அளவுக்காவது உயிர் இருந்தால் முடியும். சாவி ஆனில், இரண்டாவது கியர், கிளட்ச்சை மிதித்தபடி உருளவிட்டு, வேகம் வந்ததும் சட்டென்று விட வேண்டும். பேட்டரி அடியோடு செத்திருந்தால் தெருவே சேர்ந்து தள்ளினாலும் எடுக்காது. இன்றைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப்புக்கும் ஈசியூவுக்கும் முதலில் கரண்ட் வேண்டும். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளவே வேண்டாம். அம்பாசடர் காலத்தில் முன்பக்கம் ஹேண்டிலை விட்டுச் சுற்றி எடுத்தோம். திருப்பி அடித்து மணிக்கட்டைப் பதம் பார்த்ததும் உண்டு. அந்த வண்டி 2014-லேயே உற்பத்தி நின்றுவிட்டது, அந்த நினைப்பில் புது வண்டியை அணுகாதீர்கள்.

செல்ஃப் எடுக்குது, வண்டி பிடிக்கல

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் தீப்பிடிக்க மாட்டேன் என்கிறது. பேட்டரியை விட்டுவிடுங்கள், இது வேறு நோய். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே அரை நிமிடமாவது ஆறவிடுங்கள். மூன்று முறை பார்த்தாயிற்று என்றால் நிறுத்திவிடுங்கள். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிற ராட்சசன், விடாமல் அடித்தால் அதுவும் கருகும்.

முள்ளைப் பார்த்தீர்களா? எரிபொருள் முள் பழைய வண்டிகளில் பொய் சொல்லும். சிஎன்ஜி டாக்ஸி ஓட்டுகிறவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பல சிஎன்ஜி வண்டிகள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, அப்புறம்தான் கேஸுக்கு மாறும். பெட்ரோல் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று டேங்கைக் காயவிட்டால், சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் காலையில் வண்டி எடுக்காது. டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதும் பெட்ரோல்தான், காய்ந்தால் பம்ப்பும் சேர்ந்து போகும்.

பெட்ரோல் வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கமிருந்து 'ங்ஙீ' என்று ஓரிரு விநாடி ஒரு மெல்லிய சத்தம் வர வேண்டும். அது பம்ப். தினமும் கேட்கிற சத்தம் என்பதால் அது இல்லாத நாளில் நமக்கு உறைக்காது. வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் போங்கள். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் படம் இருக்கும். சில வண்டிகளில் ஹார்ன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே வகை. இரண்டிலும் உள்ள எண் ஒத்துப்போனால் மாற்றி மாட்டிப் பார்க்கலாம். ஹார்ன் இல்லாமல் நம்மூர் ரோட்டில் ஷெட் வரை போவது ஒரு தவம், அது வேறு விஷயம்.

டேஷ்போர்டில் சாவி படமோ பூட்டுப் படமோ சிமிட்டிக்கொண்டே இருந்தால் இம்மொபைலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. சாவிக்கொத்தில் வேறு வண்டிச் சாவி இருந்தால் பிரித்துவிட்டு முயன்று பாருங்கள். மாற்றுச் சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

காலையில் குளிர்ந்த இன்ஜினை எடுத்து, வாசலிலிருந்து நாலடி நகர்த்தி அணைத்த பெட்ரோல் வண்டி, அடுத்த முறை பிடிக்காமல் அடம் பிடிக்கும். உள்ளே பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்திருக்கும். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்தால் பெட்ரோல் வருவது நிற்கும், உள்ளே இருப்பது காயும்.

ஓடிவந்த சூட்டில் டீ குடிக்க நிறுத்தி, திரும்பி வந்தால் எடுக்கவில்லை. அரைமணி ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல எடுக்கிறது. இதற்குப் பல காரணம் உண்டு. கிராங்க் சென்சார் அதில் முதல் சந்தேகம். "தானாகச் சரியாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள்.

டீசல் வண்டியில் சுருள் படம் போட்ட ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். மலைமேல் தங்கும் சவாரிகளில் இது முக்கியம். ஊட்டிக் குளிரில் ஹீட்டர் பிளக் பழுதான வண்டி விடியும்வரை எடுக்காது. டீசல் தீர்ந்து நின்ற வண்டியில் கேன் கொண்டுவந்து ஊற்றியவுடன் எடுத்துவிடாது. லைனில் ஏர் புகுந்திருக்கும். ஃபில்டர் பக்கம் கை பம்ப் இருந்தால் இறுகும்வரை அழுத்துங்கள்.

பங்க்கில் டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டார்களா? சாவியையே தொடாதீர்கள். வண்டியை ஓரமாகத் தள்ளி, டேங்கைக் காலி செய்ய ஆள் வரட்டும். கூச்சப்பட்டு ஓட்டிப் பார்த்தால், டேங்க் கழுவும் செலவோடு போவது பம்ப், இன்ஜெக்டர் என்று வளர்ந்துவிடும்.

எலியை மறந்துவிடக் கூடாது. ஒரு வாரம் நின்ற வண்டி திடீரென்று எடுக்கவில்லை என்றால் பானட்டுக்குள் புழுக்கையும் கடித்த ஒயரும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றினால் உடனே கையை எடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்குமேல் அடிக்கிற ஒவ்வொரு செல்ஃபும் வால்வை வளைக்கும்.

தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னைக்காரர்கள் பட்டது இது. வண்டி மூழ்கி, தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருப்பினார்கள். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜின் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்ததால் போன இன்ஜினுக்கு, இன்ஜின் புரொடெக்‌ஷன் என்ற கூடுதல் கவர் இல்லாத பாலிசியில் பணம் வாங்குவது பெரும்பாடு. ஆகவே போட்டோ எடுங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். ஓனரே பக்கத்தில் நின்று "ஒரு தடவை அடிச்சுப் பாருப்பா" என்றாலும், "வேண்டாம் சார், இன்ஜின் போயிடும்" என்று சொல்லிவிடுங்கள்.

பேச்சு

மறுபடி சிட்லபாக்கம் வாசலுக்கு வருவோம். பானட்டைத் திறப்பதற்கு முன்னால் திரும்பிப் பார்த்துப் பேசுங்கள். "சார், பேட்டரி மாதிரி தெரியுது. பத்து நிமிஷம் பார்க்கிறேன். இப்பவே வேற வண்டிக்கும் சொல்லிடறேன், உங்களுக்கு ஃபிளைட் தவறாது." சொன்னபடி முதலில் மாற்று வண்டிக்கு போன் போடுங்கள், அப்புறம் ஸ்பானரை எடுங்கள். உங்கள் வண்டி எடுத்துவிட்டால் மாற்று வண்டியை வேண்டாமென்று சொல்லிக்கொள்ளலாம். "இதோ ஆயிடும் சார், இதோ ஆயிடும் சார்" என்று முக்கால் மணி நேரத்தை விழுங்கியவரை அந்த வீட்டார் மறுபடி கூப்பிட மாட்டார்கள். அவர்கள் கோபம் வண்டி மேல் இருக்காது.

நெடுஞ்சாலையில் நின்றால் வரிசையே வேறு. ஹசார்ட் விளக்கு, ஓரம், ஆட்களை இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்துவது, பின்னால் தள்ளி முக்கோணப் பலகை. வண்டியைப் பார்ப்பது அதற்கப்புறம்தான். தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். வண்டியின் இன்ஷூரன்ஸ் தாளிலும் ரோட்டோர உதவி எண் இருக்கும். ஓனருக்கே அது இருப்பது தெரியாத வீடுகள் உண்டு.

மெக்கானிக்கிடம் பேசுவதும் ஒரு திறமை. "அண்ணே, வண்டி நின்னுபோச்சு" என்றால் அவர் எல்லாச் சாமானையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும், அல்லது எதுவுமில்லாமல் வருவார். "அண்ணே, 2018 மாடல் டீசல். செல்ஃப் நல்லா எடுக்குது, பிடிக்க மாட்டேங்குது. நேத்து ராத்திரி டீசல் போட்டோம். ஹீட்டர் லைட் வந்து போகுது. மூணு தடவைதான் அடிச்சேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் ஃபில்டரைக் கையில் எடுத்துக்கொண்டே கிளம்புவார். கடைசி வாக்கியத்துக்கு மரியாதையும் கிடைக்கும்.

ஆக்டிங் டிரைவர்களுக்குத் தனியாக ஒன்று. வண்டி உங்களுடையது இல்லை. ஃபியூஸைத் தொடுவதற்கு முன்னும், ஜம்ப் கொடுப்பதற்கு முன்னும் ஓனரிடம் ஒரு வார்த்தை. வாரன்டி இருக்கும் வண்டியில் வழியோர ஆள் ஒயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். மாற்றிய பழைய சாமானைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்து, பில்லோடு ஒப்படையுங்கள். "டிரைவர் கமிஷன் அடிச்சிருப்பான்" என்ற பேச்சு எழ அதற்கப்புறம் இடமில்லை.

இனி எல்லாம் எலக்ட்ரிக் கார்தானே, இந்தப் பாடம் எதற்கு என்று கேட்கும் தம்பிகளுக்கு: மின்சாரக் காரிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும், சின்னது இறங்கிவிட்டால் வண்டி 'ரெடி' காட்டாது. அங்கே ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடக்கூடாது என்பதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும், அவற்றில் ஓடுவது உயர் மின்னழுத்தம்.

டிக்கியில் நாலு சாமான் இருக்கட்டும்: தடிமனான ஜம்ப்பர் கேபிள், 10 எம்எம் ஸ்பானர், டார்ச், மல்டிமீட்டர். விடிகாலை சவாரி என்றால், கிளம்ப அரைமணிக்கு முன்பே ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பாருங்கள். எடுக்காவிட்டால் யோசிக்கவும் மாற்று வண்டிக்குச் சொல்லவும் அந்த அரைமணி கையில் இருக்கும்.

நம் வெயிலில் ஒரு பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருடம் வரை உழைக்கும். இன்றிரவு வண்டியை நிறுத்தும்போது பானட்டைத் திறந்து, பேட்டரி எந்த வருடத்தது என்று பாருங்கள். நாலு வருடம் தாண்டியிருந்தால் ஓனரிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள்.